வெள்ளிக்கிழமைக் கட்சியும் தட்டுக் கட்சியும்

பிளம்பருக்கு ஒழுகல் என்றால் ஆகாது. தெருக்கோடி வீட்டில் குழாய் சொட்டினால் இங்கே இவருக்குக் கவளம் தொண்டையில் நிற்கும். ஒருமுறை ரயிலில் போகும்போது நடுவழி நிலையத்தில் ஏதோ சொட்டுவது காதில் விழ, ஸ்பேனரோடு இறங்கிவிட்டார். குழாயை நிறுத்தினார். ரயில் நிற்கவில்லை. பத்து நிமிடம் பொறுக்கக்கூடாதா என்று மனைவி கேட்டதற்கு, "அது எப்படி, சொட்டுதே" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் மயங்கிக் கிடந்தது 'மூணரைப் பேர்' என்ற பாட்டுக்குழுவிடம். குழுவில் நான்கு பேர். ஒருவர் பாதி நாள் வரமாட்டார், அதனால் அந்தப் பெயர். வெள்ளிதோறும் தங்கள் அறையிலேயே பாடி, பதிந்து, இணையத்தில் சும்மா போட்டுவிடுவார்கள். ஸ்டூடியோவில் பாடி விலைக்கு விட்ட இசைத்தட்டுகளும் இரண்டு உண்டு. ஆகவே ரசிகர்களும் இரண்டு கட்சி. வெள்ளிக்கிழமைக் கட்சிக்குத் தலைவர் பிளம்பர். தட்டுக் கட்சிக்குத் தலைவன் அவர் மனைவியின் தம்பி. பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவன்.

"சும்மா கிடைச்சா சுண்ணாம்பையும் நக்குவீங்களா மாமா?" என்பான் மைத்துனன்.

"தட்டுல உசிரு இல்லடா மச்சான். வெள்ளிக்கிழமைப் பாட்டுல பின்னாடி ஒண்ணு கேக்குது பாரு, டொக்... டொக்... டொக்குனு. தட்டுல அது எங்க?"

"அது சத்தம். காசு குடுத்தவன் காதுல விழக்கூடாதுன்னு எடுத்துட்டாங்க."

"சத்தமா! டிரம்ஸ் வாசிக்கிற பொண்ணு கட்டைவிரலால தகரத்துல தட்டுதுடா அது. அதுக்கெல்லாம் ஒரு காது வேணும்."

ஆறு வருடமாக இதே வழக்கு. "ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தானே கேக்குறீங்க? வாசலுக்குப் போய் அடிச்சுக்குங்க" என்று மனைவி கதவைச் சாத்தியதும் பலமுறை உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை, ஒரு தையற்கார அம்மாள் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால், அவருடைய தையல் இயந்திரம் நனைந்த பலகைத் தரைக்குள் நான்கு விரற்கடை புதைந்திருந்தது. நாற்காலியும் கூடவே இறங்கியிருந்ததால் அம்மாளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வருகிறவர்கள்தான் வருடா வருடம் வளர்ந்துகொண்டே போவதாக நினைத்திருந்தார்.

"பாத்து மிதிங்க தம்பி. உள்வாங்கும்" என்றார்.

சுவருக்குப் பின்னால் ஒரு குழாய் ஜாயின்ட் விட்டுப்போயிருந்தது. தண்ணீர் எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்க்கப் பிளம்பர் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த பெண்ணைப் பார்த்ததும் ஸ்பேனரும் கையுமாகக் கும்பிட்டுவிட்டார். ஆறு வருடமாகப் படத்தில் பார்த்த முகம். மூணரைப் பேரின் டிரம்ஸ்காரி.

அறை நடுவே ஒரு பெயின்ட் தகரம் கவிழ்ந்திருந்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டு அதன்மேல் விழுந்தது. டொக்.

"இது... நீங்க கட்டைவிரலால தட்டுறதில்லையா?"

"எதுண்ணே? இதா? இது மேல இருந்து ஒழுகுது."

பிளம்பர் தகரத்தின் அருகே உட்கார்ந்துவிட்டார். ஊரார் ஒழுகலையெல்லாம் கோபமாகவே கேட்டுப் பழகிய காது அது. சந்தோஷமாகக் கேட்ட ஒரே ஒழுகலை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

"சரி பண்ணவா வந்தீங்க?" என்றாள் அவள், முகம் வாடி. "எங்க யாருக்கும் தாளம் நிக்காதுண்ணே. இதைக் கேட்டுக்கிட்டேதான் வாசிப்போம். ஸ்டூடியோவுல டிக் டிக்னு தாளம் சொல்ற ஒரு மெஷினைக் காதுல மாட்டுனாங்க, பயந்துபோய் மரக்கட்டையாட்டம் வாசிச்சோம். இது நின்னுச்சுன்னா நாலு பேரும் நாலு திசைதான்."

பிளம்பர் மாடிப்படியில் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அடைத்தால் பாட்டு போயிற்று. அடைக்காவிட்டால் அடுத்த வருடம் தையற்கார அம்மாள் இயந்திரத்தோடு டிரம்ஸ்காரியின் மடியில் வந்து இறங்குவார். கடைசியில் எழுந்து போய் ஜாயின்டை அடைத்தார். கீழே தகரம் ஊமையாயிற்று.

உடனே இறங்கி வந்தார். அறை மூலையில் கை கழுவும் குழாய் ஒன்று இருந்தது. அதன் வாஷரைத் தளர்த்தி, அடியில் தகரத்தை நகர்த்தி, வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஒழுகலை உண்டாக்க முயன்றார். முடியவில்லை. மூளை தளர்த்து என்றது; விரல்கள் பழக்கதோஷத்தில் இறுக்கின. ஒன்று அருவியாய்க் கொட்டியது, இல்லாவிட்டால் பாலைவனம். டிரம்ஸ்காரி திருகிப் பார்த்தாள். சொட்டியது. ஆனால் அந்தப் பழைய வேகம் அவளுக்கே நினைவில்லை; பழைய பாட்டைப் போட்டுக் கேட்டும் ஒப்பிடத் தெரியவில்லை. "நான் அது பின்னாடி போறவதானே" என்றாள். பிளம்பருக்கோ இப்போது சொட்டு என்று தெரிந்துவிட்டதால், கேட்டாலே பல் கூசியது.

அந்த வேகத்தைச் சொல்லக்கூடிய காது இன்னொன்றுதான் இருந்தது; நாளெல்லாம் இயந்திரத் தாளம் கேட்டுப் பழகிய மைத்துனனுடையது. அதைக் கூப்பிட்டால் மானம் கப்பலேறும். ஒழுகலைத் தாளம் என்று ஆறு வருடம் வாதாடிய பிளம்பர்! பிஸ்கட் தொழிற்சாலை முழுக்கச் சிரிக்கும். பிளம்பர் டிரம்ஸ்காரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

மைத்துனன் வந்து முழுக் கதையையும் கேட்டான். கூரையைப் பார்த்தான், தகரத்தைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான்.

"சொல்லுடா. என்ன சொல்லணுமோ சொல்லித் தொலை."

மைத்துனன் தன் போனை எடுத்து அமுக்கினான். வெள்ளிக்கிழமைப் பாட்டு. ஒன்றல்ல, ஆறு வருடத்துப் பாட்டையும் தேதிவாரியாக அடுக்கியிருந்தான்.

"அடப்பாவி மச்சான்!"

"எட்டு மணி நேரம் மெஷினுக்குப் பக்கத்துல நிக்கிறேன் மாமா. அது முடிஞ்சு வந்து மெஷினாட்டம் இருக்கிற தட்டையும் கேட்டா மனுசன் தாங்குவானா? அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"அப்புறம் எதுக்குடா இத்தனை நாள் சண்டை?"

"நீங்கதான் முதல்ல போய் அந்தக் கட்சியில உக்காந்துட்டீங்களே. நான் வேற எங்க போறது?"

பாட்டை ஓடவிட்டு மூவரும் குழாயைச் சுற்றிக் குந்தினார்கள். மாமா கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். மைத்துனன் திருகினான்.

"இன்னும் ஒரு மயிரிழை."

"இது போதும் மாமா."

"மெதுவா இருக்குடா."

"ஒழுகலே தெரியாத பிளம்பர் பேசாம இருங்க."

"ரெண்டு பேருமே பேசாம இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு டிரம்ஸ்காரி குச்சிகளை எடுத்தாள். தகரம் டொக் என்றது. அவள் பின்னாலேயே போனாள். நான்கு நிமிடம், பிசகே இல்லை.

பாட்டு முடிந்தது. பிளம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன இருந்தாலும்," என்றான் மைத்துனன், "தட்டுல இதைவிட நல்லா இருக்கும்."