ஆளுநரின் வலக்கை

1.

இந்தக் கதைக்கு மழைதான் காரணம். 1974இல், கடல் கடந்து வந்து குடியேறிய ஸ்ட்ராத்ஃபீல்ட் ஊரின் நூலகத்தில் ஒதுங்கி நின்றபோது அமெரிக்கத் தென் மாநில ஆளுநர்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. பலர் முதலில் படைவீரர், பிறகு நீதிபதி, பிறகு ஆளுநர். நாலைந்து பேரை ஒரே குடுவையில் ஊற்றிக் குலுக்கினேன். கர்னல் ஹார்ட்வெல் வந்தார். அப்படி ஒருவர் இருந்ததில்லை. தேடாதீர்கள்.

2.

தொடக்கம்: "அடிமை முறையைக் காக்கப் போருக்குப் போன ஹார்ட்வெல், வலக்கையை இழந்து, போரிலும் தோற்று, பனியில் தனியாக..."

(வேண்டாம். இரக்கம் வருகிறது.)

இன்னொன்று: "நீதிபதி ஹார்ட்வெல், குதிரை திருடியதாக ஐசாக் என்ற இளைஞனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்." ஐசாக், போர் முடிந்ததால் விடுதலையான அடிமை. திருடவில்லை. (எனக்குத் தெரியும். நீதிபதிக்குத் தெரியாது.) அதற்குள் தேர்தல் வந்து நீதிபதி ஆளுநராகிறார். கருணை மனு அவர் மேசைக்கே வருகிறது.

ஐசாக் சாகக் கூடாது. ஆனால் மன்னித்தால் ஆளுநருக்கல்லவா கைதட்டுவார்கள்? இந்த இடத்தில் ஒரு மாதம் நின்றேன்.

3.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு நாடகம் கேட்டார்கள். சொந்தமாக முடிவில்லாத கதையை, வெட்கத்தோடு, கொடுத்துவிட்டேன். தேவராஜா அங்கிள் ஆளுநர். சிவபாலன் ஐசாக். மன்னிப்பதாகவே ஒத்திகை.

"இடக்கையாலயோ குடுக்கிறது, பிள்ளை? ஒரு மனுசன்ர உயிரையோ?"

"அங்கிள், வலக்கை போரில போயிட்டுது."

"போனா என்ன? இதுக்கு மட்டும் கொஞ்சம் வெளியில எடுக்கிறன்."

"உங்களுக்கென்ன நண்டுக் காலோ, திரும்ப முளைக்க?" என்றான் சிவபாலன்.

அங்கிள் கடைசியில் ஒத்துக்கொண்டார். வலக்கையைக் கோட்டுக்குள் வைத்துக் கட்டினோம்.

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது: ஐம்பது வருடம் வலக்கையால் கொடுத்த மனிதரை ஒரு கோட்டு தடுக்காது. பரிசோதனை செய்யாமலே இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

4.

மண்டபம் நிறைந்திருந்தது. மண்டபத்தை ஒட்டிய பாதையில் ரயில் போகும்போதெல்லாம் நடிகர்கள் வாயை மூடிக் காத்திருந்தார்கள். நானும் சென்னைக்காரி கிரிஜாவும் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தோம்.

ஆளுநர் இடக்கையால் கையெழுத்திட்டார். எழுந்தார். மன்னிப்புப் பத்திரத்தை இடக்கையால் நீட்டினார். தயங்கினார். கோட்டுக்குள் ஏதோ நெளிந்தது. பொத்தான் ஒன்று பறந்தது.

"ஐயோ, கை வந்துடுச்சு!" என்றாள் கிரிஜா.

முழு வலக்கை. பத்திரம் அதற்கு மாறியது. மண்டபமே, உட்கார்ந்திருந்த கதிரைகளோடு சேர்ந்து, சிரிப்பில் குலுங்கியது. நான் திரையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

சிவபாலன் சிரிக்கவில்லை. அந்தக் கையை மேலும் கீழும் பார்த்தான். நான் எழுதாத வசனத்தைச் சொன்னான்:

"கை திரும்ப வந்திட்டுது, ஐயா. அப்ப அந்தச் சண்டையே நடக்கேல்லையோ?"

இன்னும் சிரித்தார்கள்.

"நடக்காட்டி, நான் இன்னும் உங்கட அடிமைதானே?"

சிரிப்பு நின்றது. "அடிமைக்கு மன்னிப்பு என்னத்துக்கு? விடுதலையில்லாத கடுதாசியை நான் ஏன் வாங்க வேணும்?"

5.

முடிவு (அ): ஆளுநர் மன்னிப்புக் கேட்கிறார். (அவ்வளவு சுலபமா?)

முடிவு (ஆ): ஐசாக் பத்திரத்தைக் கிழித்துவிட்டு, தலை நிமிர்ந்து தூக்குமேடை... (இல்லை. அவனைக் கொல்ல எனக்கு மனமில்லை.)

முடிவு (இ):

அங்கிள் வியர்த்துப்போய் திரைப்பக்கம் பார்க்கிறார். பத்திரம் நீட்டியபடியே இருக்கிறது. சிவபாலன் கைகட்டி நிற்கிறான். "அடுத்த வசனம் என்னடி?" என்று கிரிஜா என்னை உலுக்குகிறாள்.

நல்லவேளையாக ஒரு ரயில் வருகிறது. அது போய் முடியும்வரை யாரும் பேச முடியாது. ஆளுநர் என்ன சொன்னால் நீங்கள் அந்தப் பத்திரத்தை வாங்குவீர்கள்? என் காதில் சொல்லுங்கள். அவருக்கு எடுத்துக் கொடுக்கிறேன். கடைசிப் பெட்டி போகிறது.