மூன்று மணி நேரத் தூரம்

என் வீட்டுக்காரர் ஜம்புலிங்கம் வாய்ச்சவடாலில் மன்னர். போர்ட் பிளேரில், ஹேடோ துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தா. கப்பல் எப்போது வரும், எப்போது போகும் என்பதுதான் நாள் முழுக்க அவர் பேச்சு. லீவில் மதுரைக்குப் போனால் மட்டும் கப்பல் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் அப்படிப் போயிருந்தபோது, அவர் தங்கை கமலாட்சி கைக்குழந்தையோடு உட்கார்ந்து, இவ்வளவு தூரத்தில் கிடக்கிறாயே என்று அழுதாள்.

"என்ன பெரிய தூரம்? சென்னைக்கு எண்ணூத்திச் சொச்சம் மைல். பிளேன்ல மூணு மணி நேரம். நீ கூப்பிட்ட அன்னிக்கே வந்து நிப்பேன்" என்றார்.

கணக்கு என்னவோ சரிதான். அப்படி ஒரு விமானம்தான் இல்லை. வாரத்துக்கு ஒன்று வரும். அதுவும் ரங்கூன் வழியாகக் கல்கத்தாவுக்குப் போகும். அங்கிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு ராத்திரி. நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அது என் தப்பு.

அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை, கப்பல் தபாலில் கமலாட்சியின் கடிதம் வந்தது. குழந்தை மங்கையர்க்கரசிக்கு வெள்ளிக்கிழமை காலை காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் உட்கார்த்த வேண்டும். முதல் நாள் புறப்பட்டால் போதும்தானே என்று கேட்டிருந்தாள். கடிதம் எழுதிப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

வந்த கப்பல் புதன்கிழமைதான் திரும்புகிறது. சென்னை சேர நாலு நாள். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமைக்குப் போய்ச் சேர முடியாது. கப்பலில் வருகிறோம், தாமதமாகும் என்று தந்தி கொடுக்கச் சொல்லித் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "வருகிறேன்" என்று ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தார். கப்பல் என்று எழுத மனுஷருக்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நடுக்கடலில், முகூர்த்த நேரம் நெருங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் நான் விழுங்கிக்கொண்டேன்.

திங்கள் காலை மதுரையில் இறங்கியபோது பந்தலைப் பிரித்திருந்தார்கள். கமலாட்சி கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு விமானச் சத்தம் கேட்டபோதெல்லாம் மாடிக்கு ஓடியதை மட்டும் சொன்னாள். முகூர்த்தம் தப்புகிறது என்று அவள் மாமியார் வீட்டார் சத்தம் போடவே, பெரியம்மா மகன் மடியில் குழந்தையை உட்கார்த்தினார்களாம். பேசிக்கொண்டே குழந்தையை இவர் கையில் கொடுத்தாள். வலது காதில் கம்மல் இருந்தது. இடது காது வெறுமையாக இருந்தது.

"ஒரு காதுதான் குத்த விட்டேன். இன்னொண்ணு உனக்குண்ணே."

ஆசாரியை மறுபடி வரவழைத்தோம். மாமன் மடியில் குழந்தை வீறிட்டது. அதைவிட அதிகமாக அவர்தான் அழுதார்.

"மூணு மணி நேரமெல்லாம் இல்ல கமலா. கப்பல் கிடைச்சா அஞ்சு நாள். கிடைக்கலேன்னா எத்தனை நாளோ, எனக்கே தெரியாது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், பஞ்சாங்கத்தைத் திறப்பதற்கு முன் கமலாட்சி கப்பல் தேதி கேட்டு எழுதிவிடுவாள்.