வெறும் பிளாஷ்

கேமராக் கண்ணாடியின் நடு வட்டத்துக்குள் அவள் முகம் இரண்டாக விலகி நிற்கிறது, கண்ணும் நெற்றியும் கொஞ்சம் இடப்பக்கம், வாயும் மோவாயும் கொஞ்சம் வலப்பக்கம், நான் லென்ஸ் வளையத்தை விரல் நுனியால் மெல்லத் திருப்புகிறேன், பாதியும் பாதியும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன, இப்போது அது ஜெயக்கொடி, என் மனைவி, மொட்டைமாடியில் கூழ்வற்றல் காயும் வேட்டிக்குப் பக்கத்தில் காக்காய் விரட்டும் குச்சியோடு நின்று சிரிக்கிறாள், சீக்கிரம் எடுங்க வெயிலு சுடுது என்கிறாள், நான் அழுத்துகிறேன், யாஷிகாவின் அந்த டப் சத்தம் கேட்கிறது, கட்டைவிரல் பழக்கத்தில் நெம்புகோலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான், கேமராவைப் பைக்குள் வைக்கிறேன், பதினோரு மணிக்கு ஆள் வந்து பையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இது நடந்தது சித்திரையில். இப்போது ஆவணி. கண்ணை மூடினால் அந்த வட்டம் வருகிறது, முகம் விலகுகிறது, நான் திருப்பத் திருப்ப அது சேராமல் நிற்கிறது, ஏனென்றால் திருப்புவதற்கு என் கையில் வளையம் இல்லை, விற்றுவிட்டேன், மூன்று கேமரா, நாலு லென்ஸ், முட்டாப்பயல், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு விற்றுவிட்டேன்.

எதற்கு விற்றாய் என்று யாராவது கேட்டால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது, பிலிம் கிடைப்பதில்லை, கழுவிக் கொடுக்க ஆளில்லை என்று வரிசையாகச் சொல்வேன், எல்லாம் உண்மைதான், ஆனால் அதற்காக விற்கவில்லை, ரோஷத்தில் விற்றேன். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு ஓசூர் போயிருந்தோம், நான் யாஷிகாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன், அங்கே ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரர், பெரியவரே கொஞ்சம் தள்ளிக்கோங்க, ஃப்ரேம்ல விழுறீங்க என்றார், கோவில்பட்டியில் முப்பத்தோரு வருஷம் எத்தனையோ கல்யாணத்தில் எத்தனையோ பேரைத் தள்ளிக்கோங்க என்று சொன்னவன் நான், தள்ளிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி வந்த மறுநாளே பழைய கேமரா வாங்குகிறோம் என்று செல்போனில் வந்திருந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஜெயக்கொடி தடுக்கவில்லை, உங்க பொருளு, உங்க இஷ்டம் என்றாள், பிறகு விற்கிற அன்று காலையில் மட்டும் மாடியிலிருந்து கூப்பிட்டு, போறதுக்கு முன்னாடி என்னைய ஒண்ணு எடுத்துருங்களேன் என்றாள். எடுத்தேன். எடுத்தேனா.

அதுதான் தெரியவில்லை, அதுதான் இந்த மூன்று வாரமாக என்னைப் போட்டு அரிக்கிறது. ஆடிக் கடைசியில் ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது வாயில் விட்ட தண்ணீர் தானாக ஒழுகுகிறது என்றாள், நான் பேப்பர் படித்துக்கொண்டே துண்டை எடுத்துத் துடை என்றேன், நிமிர்ந்து பார்க்கவில்லை, காப்பி கொண்டுவந்து வைக்கும்போதுதான் பார்த்தேன், இடது பக்க வாய் கீழே இறங்கியிருந்தது, இடது கண் மூடாமல் முழித்துக்கொண்டிருந்தது, ஒரு பக்க முகம் தூங்கப் போய்விட்டது, இன்னொரு பக்கம் அதைத் தேடிக்கொண்டிருந்தது. முகவாதம், பயப்பட வேண்டாம், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் குளிர்காற்று பட உட்கார்ந்து வந்தாளா என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். மாத்திரை கொடுத்தார்கள், பிறகு முகத்துக்குப் பயிற்சி சொல்லித்தருகிற அம்மாவிடம் அனுப்பினார்கள், பலூன் ஊதச் சொன்னார்கள், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஆ, ஈ, ஊ சொல்லச் சொன்னார்கள். அந்த அம்மாதான் கேட்டது, இவங்க நல்லா சிரிச்ச மாதிரி பழைய போட்டோ ஒண்ணு கொண்டாங்க சார், இயல்பா வாய் எவ்வளவு தூக்கும்னு தெரிஞ்சா எனக்கு வசதி, முக்கால்வாசி கொண்டுவந்துரலாம். நான் பதில் சொல்வதற்குள் ஜெயக்கொடி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, இவரே போட்டோக்காரருதான் என்றாள். அந்த அம்மா, அப்ப என்ன, வீடு பூரா இருக்குமே என்றது.

வீடு பூரா தேடினேன். நெகட்டிவ் பெட்டிகளை எல்லாம் இறக்கிக் கூடத்தில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்தேன், ஊரில் உள்ள அத்தனை பேரும் இருந்தார்கள், எட்டயபுரம் ரோட்டு டாக்டர் மகள் கல்யாணம், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அறுபதாம் கல்யாணம், பேர் தெரியாத பிள்ளைகளுக்குக் காது குத்து, அத்தனை பேரும் பல் தெரிய நின்றார்கள், நெகட்டிவில் பல் கறுப்பாகத் தெரியும், கறுப்புப் பல்லோடு ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது, இவள் மட்டும் இல்லை. எங்கள் கல்யாணப் படத்தில் புகை பட்டுக் கண் கலங்கித் தலையைக் குனிந்திருக்கிறாள். மகள் கல்யாண ஆல்பத்தில் பந்திக்கு ஆள் கூப்பிட ஓடிக்கொண்டிருக்கிறாள், முதுகுதான். ஆதார் அட்டையில் இருப்பது யார் என்றே தெரியாது. மகள் பவானியின் போனில் கிடக்கும் படங்களிலும் பேத்தியைத் தூக்கிய இரண்டு கைகள்தான், போட்டோ எடுக்கப் போகிறோம் என்றால் அம்மா எந்திரிச்சுப் போயிருவாங்கப்பா, உங்ககிட்ட மட்டும்தான் நிப்பாங்க என்றாள் பவானி. என்னிடம் மட்டும்தான் நிற்பாள். அது எனக்கும் தெரியும், எத்தனை தடவை நின்றிருக்கிறாள்.

சொல்லிவிடுகிறேன், இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. பிலிம் காலத்தில் கல்யாண வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு, வெறும் பிளாஷ். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம், கல்யாண வீட்டார் சொன்னது மூன்று ரோல், ஆனால் மேடையில் பரிசுப் பொட்டலத்தோடு நிற்கிற வரிசை மண்டப வாசல் வரை போகும், பெரியப்பா மச்சினன், ஆபீஸ் சிநேகிதர், அவர் கூட்டிவந்த சிநேகிதர், யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சொன்னால் சண்டை வரும், அதனால் முக்கியமான ஆளுக்கு ஒரு கேமரா, மற்றவர்களுக்கு பிலிம் போடாத இன்னொரு கேமரா, ரெடி, சிரிங்க, இங்க பாருங்க, பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், அவர்களும் சந்தோஷமாகச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஆல்பத்தில் தன் படம் எங்கே என்று யாரும் வந்து கேட்டதில்லை. அதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது, தொழில் அப்படி. வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் தப்பு.

முதல் தடவை, கல்யாணமாகி ரெண்டாம் மாதம், ஸ்டூடியோவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தாள், தலையில் மரிக்கொழுந்து, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைய ஒண்ணு எடுங்களேன் என்றாள். பென்டாக்ஸ் கேமராவில் ஆறு படம் மிச்சம் இருந்தது, மறுநாள் ஒரு பெயர்வைப்புக்கு வேண்டும், பொண்டாட்டி முகம் எங்கே போகப்போகிறது, நாளைக்கும் இங்கேதான் இருக்கும் என்று நினைத்தேன், அதை எடுக்காமல் பக்கத்தில் இருந்த காலி யாஷிகாவை எடுத்து, ரெடி என்றேன். அவள் சிரித்தாள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கழுவும்போது கெமிக்கல் கெட்டுப்போச்சு என்றேன். போனாப் போகுது என்றாள். பிறகு திருச்செந்தூரில், கடலில் முங்கி எழுந்து ஈரத்தலையோடு, பிறகு பவானியைப் பெற்று மூன்றாம் மாதம் புதுச்சேலையில், பிறகு புது வீட்டு வாசலில், பிறகு காரணமே இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு தடவையும் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நான், ஒவ்வொரு தடவையும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு அவள், பளிச், பளிச், பளிச், ஒரு கெமிக்கல் எத்தனை தடவைதான் கெட்டுப்போகும். பின்னாளில் அவள் படத்தைக் கேட்பதை விட்டுவிட்டாள், எடுக்கச் சொல்வதை மட்டும் விடவில்லை. மறந்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன், எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

ஆனால் அந்தக் கடைசிப் படம், மொட்டைமாடியில் எடுத்தது, அதில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். யாஷிகாவில் எண் ஒன்பதைக் காட்டியது, பிலிம் இல்லாவிட்டாலும் எண் ஓடும், ஆனாலும் எப்போதோ ஒரு காதுகுத்துக்குப் போட்ட ரோல் உள்ளேயே கிடக்கலாம், திறந்து பார்த்தால் வெளிச்சம் பட்டுப் போய்விடும் என்று திறக்காமலே விற்றுவிட்டேன். ஒருவேளை அந்த இருட்டுக்குள் அவள் குச்சியோடு சிரித்துக்கொண்டிருக்கிறாளோ. வாங்கியவருக்குப் போன் போட்டேன், அதை எல்லாம் மதுரையில ஒரு காப்பிக்கடைக்குக் கொடுத்துட்டேனே என்றார். பஸ் ஏறினேன், ஜெயக்கொடியிடம் கண்ணாடிக் கடைக்குப் போகிறேன், பவர் மாற்ற வேண்டும் என்றேன். இன்னொரு பொய், கிடக்கட்டும்.

கடையில் குளிர் அடித்தது. சுவர் முழுக்கக் கேமராக்கள், அழகுக்கு. என் பென்டாக்ஸைத் தூரத்திலேயே தெரிந்துகொண்டேன், கை பட்டுத் தேய்ந்த மூலை, அதை ஒரு பலகையில் வைத்து அடியில் திருகாணி போட்டு முறுக்கியிருந்தார்கள். என் நூற்றிமுப்பத்தைந்து எம்.எம். லென்ஸைக் குடைந்து உள்ளே பல்பு வைத்து மேஜை விளக்காக ஆக்கியிருந்தார்கள், அதன் கீழே இரண்டு பேர் கேக் தின்றுகொண்டிருந்தார்கள், அந்த லென்ஸை நான் சட்டைத்துணியால்கூடத் துடைத்ததில்லை. யாஷிகா கல்லாவுக்கு மேலே இருந்தது. கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண், ஷெரின் என்று சட்டையில் பேர் குத்தியிருந்தாள், அதைத் தொடக்கூடாது சார் என்றாள், நான் இதெல்லாம் என்னுடையதும்மா என்றேன், இல்ல சார், இது கடையோடது என்றாள், கோபமாக இல்லை, உள்ளதைச் சொன்னாள். விஷயத்தைச் சொன்னேன், முழுவதும் சொன்னேன், என் சம்சாரம், முகம், படம், எல்லாம். அவள் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றித் தந்தாள், திறந்து பாத்தா பிலிம் கெட்டுராதா சார் என்றாள், நியாயமான கேள்வி, மேஜைத்துணி ஒன்றை வாங்கி ரெண்டாக மடித்துக் கைகளையும் கேமராவையும் மூடிக்கொண்டு, துணிக்குள் கையை விட்டு முதுகைத் திறந்து விரலால் தடவினேன். பிலிமை இழுக்கும் பல்சக்கரம் இருந்தது, அதை அழுத்தும் தகடு இருந்தது, பிலிம் இல்லை. இன்னொரு தடவை தடவினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தண்ணி தரட்டுமா சார் என்றாள். வேண்டாம்மா என்று சொல்லி யாஷிகாவைக் கல்லா மேஜையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஜெயக்கொடி முற்றத்தில் கண்ணாடி முன்னால் ஈ சொல்லிக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் முந்தானை வாய்க்குப் போனது. நான் எதிரே உட்கார்ந்து சொன்னேன், கெமிக்கல் கெட்டுப்போகவில்லை, ஒரு தடவைகூடக் கெட்டுப்போகவில்லை, உன்னை நான் எடுக்கவே இல்லை, எல்லாம் வெறும் பிளாஷ், ஸ்டூடியோவில் எடுத்தது, திருச்செந்தூரில் எடுத்தது, எல்லாம், மாடியில் எடுத்தது ஒன்றாவது இருக்கும் என்று நினைத்து மதுரைக்குப் போனேன், அதுவும் இல்லை, கண்ணாடிக் கடை என்று சொன்னது பொய். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு முந்தானைக்குள்ளிருந்து, வார்த்தை ஒரு பக்கமாக ஒழுக, மதுரைக்குப் போறதுக்கு முன்னாடி என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல, பஸ்ஸுல அலைஞ்சிருக்க வேண்டாமே என்றாள். என்னத்த சொல்லியிருப்ப என்றேன். மாடியில எடுத்ததுலயும் பிலிம் இல்லேன்னு என்றாள். எனக்குப் புரியவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்றேன். நீங்கதானே சொல்லிக் குடுத்தீக என்றாள், கல்யாணமான புதுசுல, ஸ்டூடியோவுல வச்சு, பிலிம் மாட்டியிருந்தா பெருவிரலால தள்ளும்போது கேமரா மேல இந்தப் பக்கக் குமிழும் கூடவே சுத்தும், பிலிம் இல்லேன்னா கம்முனு நிக்கும், பாரு பாருன்னு பெருமையாக் காட்டினீக, நீங்க ஒத்தக் கண்ண உள்ள விட்டுக்கிட்டு நிக்கீக, உங்களுக்குத் தெரியாது, எதுத்தாப்ல நிக்கிற எனக்குத் தெரியும்ல. சொன்னேனா, சொல்லியிருப்பேன், அந்த வயதில் யாரிடமும் அதைச் சொல்லியிருப்பேன், மதுரையில் அந்தக் குமிழைத் திருகிப் பார்க்க எனக்கே தோன்றவில்லை, ஸ்டூடியோவில் மரிக்கொழுந்து வாசனையோடு நின்றவளும் குமிழைத்தான் பார்த்தாளா, கடலில் முங்கி எழுந்தவளும். அத்தனை தடவையுமா என்றேன். அத்தனை தடவையும், ஒரு தடவகூடச் சுத்தல என்றாள். பிறகு எதுக்குடி சிரிச்ச என்று கேட்டேன். வேற எப்ப என்னைய அம்புட்டு நேரம் பாத்தீக என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பருப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அழுதேன், அவள் கொஞ்சநேரம் அழவிட்டாள். அப்புறம் முந்தானையை வாயிலிருந்து எடுத்து மடியில் போட்டாள், மூன்று வாரத்தில் முதல் தடவையாக என் முன்னால் எடுத்தாள், சரி, இப்ப பாருங்க என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வலது பக்கம் ஏறியது, இடது பக்கம் ஏறவில்லை, மூடாத கண்ணில் நீர் நின்றது. நான் பார்த்தேன். பார்க்கப் பார்க்க என்னை அறியாமல் என் இடது கண் சுருங்கி மூடிக்கொண்டது, முப்பத்தோரு வருஷப் பழக்கம். அதையும் கவனித்துவிட்டாள். ரெண்டு கண்ணாலயும் பாருங்க என்றாள்.