தர்மசிறி சொல்லியனுப்பியது

"யாழ்ப்பாணத்துல எங்க, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார் விவசாயி தர்மசிறி. நோய் விழுந்த வெங்காயத்தாளைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த நிரஞ்சலா நிமிராமலே, "கோண்டாவில்" என்றாள். விவசாயப் போதனாசிரியையாகச் சிங்கள ஊரான நாவுலவுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்விதான்.

"சென்ட்ரிக்கு எதிர்ல, நெல்லிமரம் நின்ன வீடா?"

கையிலிருந்த தாள் ஒடிந்தது. பொய்க்காலை ஊன்றி நின்ற அந்த மனிதரின் நரைத்த தாடிக்குள்ளிருந்து ஓர் இளைஞனின் முகம் மெல்ல வெளியே வந்தது.

இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, அவளுடைய வீட்டு ஒழுங்கை முகப்பில், இராணுவக் காவலரணில் துவக்கோடு நின்றவன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவள் நெல்லிக்காய் பொறுக்கிக் கொடுப்பாள். அவன் பிஸ்கட் தருவான். அவள் இன்று பேசும் சிங்களத்தின் முதல் சொற்கள் முள்கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவை. "ஆமிக்காரனோட உனக்கென்ன கதை?" என்று அம்மா இரத்தினம்மா அடித்தும் அவள் போவதை நிறுத்தவில்லை. ஒருநாள் பின்னேரம் அவன் பிஸ்கட் தரவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, இன்று இரவு அப்பா வீட்டில் படுக்க வேண்டாமென்று போய்ச் சொல்லச் சொன்னான்.

தர்மசிறி வீட்டுப்பக்கம் திரும்பிக் கூவினார். "மெனிக்கே, ஓடி வா! நான் சொல்வேனே, அந்தப் பிள்ளை!" மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, தெரிந்தவளைப் பார்ப்பதுபோலச் சிரித்தாள்.

"மறுநாளே என்னை வவுனியாவுக்கு அனுப்பிட்டாங்க, தங்கச்சி. கால் அங்கதான் போச்சு. ஆஸ்பத்திரியில கிடக்கும்போதும் நினைப்பேன், ஒரு மனுசனையாவது காப்பாத்தினேனேன்னு. அப்பா சுகமா இருக்காரா?"

ஓம் என்று தலையாட்டினால் போதும். இரண்டு முகங்களும் அதற்காகவே காத்திருந்தன. அம்மா இத்தனை வருடங்களில் அந்த இரவைப் பற்றி ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை.

"நான் போய்ச் சொன்னனான்" என்றாள். "வெளியில வச்சுப் பிடிக்கத்தான் ஆமிக்காரன் இப்பிடிச் சொல்லுறான் எண்டு அம்மா விடேல்லை. அப்பா வீட்டிலதான் படுத்தவர்."

"பிறகு?"

"விடிய ட்ரக் வந்தது. இன்னும் தேடுறம்."

மெனிக்கேயின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. வாய்க்காலில் திறந்துவிட்டிருந்த தண்ணீர் பாத்தியை நிறைத்து வரம்பில் வழியத் தொடங்கியது. அடைக்க யாரும் குனியவில்லை. மண்ணைக் கரைத்துக்கொண்டு, நின்றிருந்தவர்களின் காலடியைச் சுற்றி, அது அடுத்த பாத்திக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.