நாமா, நாங்களா

கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம’, கழற்றிவிட்டால் ‘நாங்க’. பேசத் தொடங்கிய பிள்ளைக்கே தெரிந்த சங்கதி இது. இதில் போய் ஒரு மனிதர் மண்டையை உடைத்துக்கொள்வாரா என்று கேட்டால், நம் புலவர் உடைத்துக்கொண்டார்.

புலவர் என்பது டப்பிங் ஸ்டூடியோவில் கிண்டலுக்கு வைத்த பட்டப்பெயர். வெளிநாட்டு அனிமே தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது அவர் பிழைப்பு. யாராவது ‘கார்ட்டூன்’ என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இப்போது எழுதும் தொடரில் ஒரு நகரத்தின் காற்றே விஷமாகிவிடுகிறது. மனிதர்கள் உடம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருக்கும் ஒரே பெரிய மனத்தில் ஒவ்வொருவராகப் போய்க் கரைகிறார்கள். கரைந்தவர்கள் பிழைத்தார்களா, செத்தார்களா என்று தொடர் முழுக்க வாதம் நடக்கிறது. கடைசியில் ஒரே ஒருவன் வெளியே நிற்கிறான். உள்ளே போய்விட்ட அவன் மனைவி, இனித் தனிமை இல்லை என்று ஒரு வரி சொல்கிறாள். அவன் கண்ணாடியில் கை வைக்கிறான். அதோடு தொடர் முடிகிறது.

யாருக்குத் தனிமை இல்லை? மூலத்தில் இருந்தது இரண்டுக்கும் பொதுவான சொல். தமிழில் ‘நாம’ என்றால் அவனுக்கும் கதவு திறக்கும். ‘நாங்க’ என்றால் அவன் வெளியிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். ‘இனிமே தனிமை இல்ல’ என்று மழுப்பியும் பார்த்தார். படத்தில் அவள் வாய் எடுத்த எடுப்பிலேயே அகலமாகத் திறக்கிறது. ‘நா’ என்று தொடங்கினால்தான் உதட்டில் உட்காரும்.

அந்த மனைவிக்குக் குரல் கொடுப்பவள் புலவரின் சொந்த மனைவி.

அன்று காலையில் அவள் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். “ரெக்கார்டிங் முடிஞ்சதும் நாங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்புறோம்,” என்றாள். நாங்க என்றால் அவளும் மகளும். மகள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இந்த எபிசோடை முடித்துவிட்டு வருகிறேன் என்ற மனிதர் கடைசிவரை போகவே இல்லை. அதைச் சொல்லி அவள் கத்தினாள்.

“ஊர்ல இருக்கிற வாய்க்கெல்லாம் எழுதிக் குடுக்கிறீங்க. எனக்குப் பதில் சொல்ல மட்டும் ஒரு வார்த்தை கிடைக்கலயா?”

போகாதே என்று சொல்ல நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. சொல்லித் தொலைத்திருக்கலாம். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஓர் ஓரமாக உட்கார்ந்து, தாளில் ‘நாம இனிமே தனியா இல்ல’ என்று எழுதினார். அவள் வாயால் அதை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்.

ஸ்டூடியோவில் அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றாள். இந்தப் பக்கம் புலவரும் சவுண்ட் இன்ஜினியரும். திரையில் வாய் திறந்தது.

“நாங்க இனிமே தனியா இல்ல,” என்றாள்.

இன்ஜினியர் நிறுத்தினார். “மேடம், பேப்பர்ல ‘நாம’ன்னு இருக்கு.”

“தெரியும். அவ உள்ள போயிட்டா. அவன் வெளிய நிக்கிறான். ‘நாங்க’தானே சரி?”

“உதட்டுல ரெண்டும் உக்காருது. புலவரே, நீங்கதான் சொல்லணும்.”

புலவர் பொத்தானை அழுத்தினார். அதை அழுத்தினால்தான் அவர் குரல் அவள் காதுக்குப் போகும். அவள் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தாள்.

“சொல்லுங்க,” என்றாள் மெதுவாக. அவள் வசனத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவருக்கும் புரிந்தது. தப்பு என்னுடையது, போகாதே, இல்லையென்றால் நானும் வருகிறேன் என்று எல்லாமே தொண்டை வரை வந்தது.

“இன்னொரு டேக் போலாம்,” என்றார். “எழுதியிருக்கிற மாதிரியே.”

அவள் தொழிலில் கெட்டிக்காரி. “நாம இனிமே தனியா இல்ல,” என்று அவள் சொன்னதைக் கேட்டு இன்ஜினியரே மூக்கை உறிஞ்சினார். புலவருக்கு மட்டும் எதுவும் சரியாகிவிடவில்லை. சொல்லிக் கொடுத்ததை அவள் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அவள் நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

ஸ்டூடியோ வரவேற்பறையில் மகள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. மாமா வீட்டுக்குப் போகிற குஷியில் ஓடிவந்து அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, வண்டி வந்தாச்சு. நாம கிளம்பலாமா?”

யாரும் எழுதிக் கொடுக்காத ‘நாம’ அது. மனைவி வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றுவிட்டாள். அவள் கண் அவர் வாயைவிட்டு அசையவில்லை. ஒரு ‘சரி’ போதும், ஒரு ‘ம்’கூடப் போதும். ஆனால் எந்த முகத்தோடு அந்த வண்டியில் ஏறுவது என்று அவருக்குக் கூசியது.

“நீங்க போயிட்டு வாங்கம்மா,” என்றார்.

மகள் விரலை விட்டாள். கண்ணாடிக் கதவு அவர்களுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. வண்டி நகர்ந்த பிறகுதான் புலவருக்குப் பேச்சு வந்தது. “நானும் வரேன்,” என்று கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு சொன்னார். அழுத்துவதற்கு அங்கே பொத்தான் எதுவும் இல்லை.