தனக்கோடி வாசிக்கும் நேரம்

கீலக வருஷம் ஆடி மாதத்திலிருந்து, தனக்கோடி வீட்டுக்குள் உட்கார்ந்து கின்னரம் வாசிக்கும்போதெல்லாம் வீட்டில் இருக்கிற வெளிச்சம் மொத்தமும் அவள்மேல் போய்ச் சேர்ந்துகொண்டது. வாசல் வழியாகவும் கூரை ஓட்டை வழியாகவும் வந்து தரையில் கிடக்கும் வெயில் மெல்ல நகர்ந்து அவள் மடியில் ஏறி, கைகளில் ஏறி, முகத்தில் போய் நிற்கும், மூலைகள் இருண்டுவிடும். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம். கோட்டைக்கு வடக்கே ஏரிக்கரையில் முப்பது குடிசைகள் கொண்ட குப்பம் அவளுடையது. கின்னரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாதிக் கொட்டாங்கச்சியின் வாயில் தோல் கட்டி, மூங்கில் செருகி, இரண்டு நரம்பு இழுத்து, வில்லால் தேய்ப்பது. அவளுடைய நைனா ஆதிநாராயணன் செய்து கொடுத்தது. கொடுத்த மறுமாதம் முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து அவன் போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை. கருமாதி முடிந்து அவள் முதல்முறை வாசித்த அன்றுதான் இது தொடங்கியது. குப்பத்தார் நாலைந்து நாள் வந்து எட்டிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். தாய் கங்கம்மாவோடு அந்த வீட்டில் உட்கார்ந்து இறால் ஆய்கிற பெண்கள் மட்டும், "பாப்பா, கொஞ்சம் நிறுத்தும்மா, ஓடு எது சதை எதுன்னு தெரியல" என்பார்கள். அவள் நிறுத்துவாள். வெயில் தரைக்குத் திரும்பும்.

கோட்டையில் கொர்னேலிசு என்ற ஒல்லாந்தர் இருந்தார். கப்பல்களையும் ஏரியின் மீன்வகைகளையும் கல்லறைகளுக்கு வேண்டிய பூவேலைகளையும் படம் எழுதித் தருவது அவர் வேலை. அவரிடம் தொட்டில் அளவில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் கண்ணாடிக் கண். எதிரில் இருப்பது எதுவானாலும் உள்ளே தாளின்மேல் தலைகீழாக விழும், அவர் அதன்மேல் கோடு இழுத்துக்கொள்வார். குப்பத்தில் அவருக்குப் பெட்டித்துரை என்று பெயர். அந்தப் பெட்டி வெட்டவெளியில்தான் வேலை செய்யும். வீட்டுக்குள் கொண்டுபோனால் தாளில் மங்கலாக ஏதோ அசையுமே தவிர உருவம் தெரியாது. தனக்கோடியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவர் பெட்டியைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கங்கம்மா விருந்தாளிக்காகப் பகலிலேயே விளக்கேற்ற எழுந்தாள். வேண்டாம், இருக்கிற வெளிச்சம் போதும் என்று கையைக் காட்டித் தடுத்தார். கதவுப் படலைக்கூட நகர்த்த விடவில்லை. பெண்ணைச் சுவரோரம் உட்காரவைத்து, "வாசி. ஆனா ஆடாதே" என்றார்.

"ஆடாம எப்படி தொரை வாசிக்கிறது? கை ஆடுமே."

"கை ஆடட்டும். தலை வேண்டாம்."

அவள் வாசித்தாள். வெளிச்சம் வந்து அவள்மேல் நின்றது. பெட்டிக்குள் தாளில் அவள் முகம், கழுத்திலிருந்த கருகமணி, எண்ணெய் காணாத தலைமயிர் எல்லாம் தெளிவாக விழுந்தன. கொர்னேலிசு எழுதுகோலை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் வாசித்து முடித்த பிறகும் உருவம் தாளைவிட்டுப் போகவில்லை. ஒரு கோடும் இழுக்காமலே படம் அங்கே இருந்தது. ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் எந்தப் படமும் அப்படி நின்றதில்லை, பிறகும் நிற்கவில்லை. கங்கம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் அப்படியே இருந்தது. வில் பிடித்த கை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அடுப்புப் புகைபோல ஒரு மூட்டம். அவள் பயந்துபோய் மகளின் கையைப் பிடித்துத் தடவினாள். "எம்பொண்ணு கைய இன்னா பண்ணீங்க?" என்று கேட்டாள். ஆடியதால் அப்படி விழுந்திருக்கிறது என்று அவர் தன் தமிழில் சொன்னது அவளுக்குச் சரியாகப் புரியவில்லை.

அந்தத் தாள் கொர்னேலிசின் மேஜைமேல் ஒன்றரை வருஷம் கிடந்தது. அங்கேதான் துபாஷி வேதாசலம் அதைக் கண்டார். ஒல்லாந்தருக்கும் ஊராருக்கும் நடுவில் பேசிக் காரியம் முடிப்பவர் அவர். ஒருநாள் கேட்காமலே அதை எடுத்து, கடலுக்கு அப்பால் ஒல்லாந்தரின் பட்டணமான பத்தாவிக்குப் போகிற கப்பலில், அங்குள்ள ஒரு பெரிய வீட்டாருக்குக் காட்ட அனுப்பிவைத்தார். இந்தப் பெண் வேண்டும் என்று பதில் வந்தபோது கீலகத்துக்கு அடுத்த சௌமிய வருஷமும் மழையில்லாமல் முடிந்து, அதற்கடுத்த சாதாரண வருஷமும் பாதி போயிருந்தது. மண் மூடி முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. ஏரி சுண்டி, நடுவில் உப்புப் பூத்து, செத்த இறால் கரையெல்லாம் சிவந்து கிடந்தது. உள்நாட்டு ஊர்களிலும் நெல் இல்லை. குப்பத்தில் ஏழு பேர் இறந்தார்கள். வேதாசலம் கங்கம்மாவின் வாசலில் நின்று, உட்காராமலே பேசினார்.

"அங்க மூணு வேளையும் சோறும்மா. வாசிச்சா போதும், வேற வேலை கிடையாது."

"எப்ப திரும்பி வரும்?"

"மொதல்ல உயிரோட இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

அன்றைக்கு அந்த வீட்டில் வேகவைத்தது கோரைக்கிழங்கு மட்டும். தனக்கோடியின் முழங்கால்கள் தொடையைவிடப் பருத்திருந்தன. கங்கம்மா அழவில்லை, சண்டை போடவுமில்லை. பெண்ணைக் கொடுக்கச் சம்மதித்து ஓலையில் கைநாட்டு வைத்தாள். செய்தி கேட்டு ஓடிவந்த கொர்னேலிசு வேதாசலத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினார், கோட்டையில் மேலே உள்ளவர்களிடம் முறையிட்டார், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் அலையைத் தாண்டிக் கப்பலுக்குப் போகும் சலங்குப் படகில் பதினொரு பிள்ளைகளை ஏற்றினார்கள். எல்லாம் சுற்றுவட்டாரக் குப்பங்களின் பிள்ளைகள். கின்னரம் வைத்திருந்தது தனக்கோடி மட்டும். படகைத் தள்ளும்போது கங்கம்மா இடுப்பளவு தண்ணீரில் கூடவே நடந்தாள்.

"தலைக்கு எண்ணெ வெச்சுக்கோ. கேட்டா குடுப்பாங்க. கேக்காம இருந்துடாத."

"ம்மா, நீ இன்னா சாப்பிடுவ?"

அதற்குக் கங்கம்மா பதில் சொல்வதற்குள் அலை வந்துவிட்டது.

அந்த ஐப்பசியில் மழை பெய்து முகத்துவாரம் உடைந்து, ஏரியில் இறால் வந்தது. இன்னும் நாற்பது நாள் தாக்குப்பிடித்திருந்தால் போதும் என்று கங்கம்மா கணக்குப் போட்டாள். அதன்பிறகு அவள் தினமும் ஏரியில் இறங்கினாள். இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தாள். மார்கழியில் ஒரு முற்பகல், வீட்டுக்குள் நண்டு பிரித்துக்கொண்டிருந்தபோது வெளிச்சம் போய்விட்டது. வாசலுக்கு வெளியே வெயில் காய்ந்தது. உள்ளே கை தெரியவில்லை. கண் போய்விட்டதென்று நினைத்து, பக்கத்து வீட்டுச் சூசையம்மாளைக் கூப்பிட்டாள். உள்ளே வந்தவள் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா இது, இருட்டிக்கினு கீது?"

கங்கம்மா வாசலுக்கு வெளியே காய்கிற வெயிலைப் பார்த்தாள். பிறகு, "எம்பொண்ணு வாசிக்கிறா" என்றாள். இரண்டு பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம் ஆனதும் தரையில் வெயில் மறுபடி வந்து விழுந்தது.

அதன்பிறகு வாரத்தில் நாலு நாள், சில வாரம் ஐந்து நாள், அந்த வீட்டு வெளிச்சம் கடலைத் தாண்டிப் போய்வந்தது. கங்கம்மா அதிலிருந்து மகளின் சேதி தெரிந்துகொண்டாள். நெடுநேரம் இருட்டினால் அங்கே விருந்து. சட்டென்று அறுந்து வெளிச்சம் திரும்பினால் யாரோ அதட்டியிருக்கிறார்கள். ஒருமுறை இருபது நாள் இருட்டவே இல்லை. அம்மை போட்டிருக்கும் என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகினாள். மற்ற பத்துப் பிள்ளைகளைக் கொடுத்த தாய்மார்களுக்கு எந்தச் சேதியும் வரவில்லை. அவர்கள் நடந்தும் தோணியிலும் வந்து கங்கம்மாவின் இருட்டில் உட்கார்ந்தார்கள். அதில் தங்கள் பிள்ளையும் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவள் தெரியாது என்றுதான் சொன்னாள், இருந்தும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை. கொர்னேலிசும் மாதம் ஒருமுறை வந்து வாசலுக்கு வெளியே நிற்பார். கங்கம்மா அவரை உள்ளே கூப்பிட்டதில்லை. தனக்கோடி போன ஒன்பதாம் வருஷம் அவர் காய்ச்சலில் செத்து, தாமே பூவேலை எழுதிக் கொடுத்த கற்களுக்கு நடுவே புதைக்கப்பட்டார்.

பதினாறாம் வருஷம் ஆவணிக்குப் பிறகு இருட்டவில்லை. கங்கம்மா வேப்பிலை செருகினாள், கங்கையம்மனுக்குப் பொங்கல் வைத்தாள், பகலெல்லாம் வெயிலைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். வீடு நாள் முழுவதும் பளிச்சென்று இருந்தது. அதைப்போல வேறெதுவும் அவளை வதைத்ததில்லை. தாய்மார்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மூன்று வருஷம் பொறுத்தபின், சூசையம்மாள் கையைப் பிடித்துக்கொள்ள, முகத்துவாரத்தில் மகளுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டாள்.

அடுத்த சித்திரையில் ஒரு முற்பகல் வீடு இருட்டியது. உடனே வெளுத்தது. மறுபடி பாதி இருட்டி நின்று, திரும்பி வந்து, இன்னொரு தடவை முயன்றது. வெளிச்சம் தரையில் தத்தித் தத்திப் போய் வாசற்படியில் இடறியது. சூசையம்மாள் ஓடிவந்தாள்.

"யாருக்கா? தனக்கோடியா?"

கங்கம்மா இல்லையென்று தலையாட்டினாள். வெயில் போவதையும் வருவதையும் வெகுநேரம் பார்த்திருந்தாள்.

"அவ இல்ல. சின்னப் புள்ள. வில்ல இறுக்கிப் புடிக்குது, வெரல் இன்னும் பழகல" என்றாள். "தனக்கோடி பெத்ததா இருக்கும்." அதைச் சொன்ன பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள், பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக.

மறுநாளும் அதே நேரத்துக்கு இருட்டியது. அதற்கடுத்த நாளும். பிள்ளை தினமும் பழகுகிறது என்று தெரிந்ததும் கங்கம்மா உலையை விடிகாலையிலேயே ஏற்றி, அந்த நேரத்துக்குள் சோறு வடித்துவிடப் பழகிக்கொண்டாள்.