கீழ்த்தெருவில் தீ என்பது வதந்தி

1

இந்தக் கதை ஒரு வாழ்த்திலிருந்து பிறந்தது. வனத்துறை அதிகாரியின் படம் போட்ட காட்டுத்தீ எச்சரிக்கை ஒன்றின் கீழே என் பெரியப்பா மகன் 'மென்மேலும் வளர்க' என்று எழுதியிருந்தான். தீயையா, அதிகாரியையா என்று கேட்டேன். "படத்தைப் பாத்தேன், போட்டேன். எவன் படிக்கிறான்?" என்றான்.

2

முதல் வரி: 'மலையெங்கும் செம்பூக்கள் பூத்தாற்போல் தீ...'

[வெட்டிவிட்டேன். பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்த கை இது. அப்போது பூவெல்லாம் தெரியாது. கண் எரியும், மூக்கு ஒழுகும், கூலிக்கு வந்த நேரத்தைத் திட்டுவோம்.]

3

ஆகவே அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறேன். வனத்துறையின் முகநூல் பக்கம் தட்டச்சர் பொறுப்பில். நல்ல போன் வைத்திருந்தாள், தலையில் கட்டிவிட்டார்கள். அவளுடைய அக்கா வீடு மலையடிவாரத்துக் கீழ்த்தெருவில். தீ அந்தப் பக்கம்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

'கீழ்த்தெருவினர் உடனே பாலம் வழியாக வெளியேறவும்' என்று அடித்தாள்.

"என் படம் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் பெருசா."

பெரிதாக்கினாள். தீ அவர் சட்டைப் பொத்தானுக்குக் கீழே போய்விட்டது. பதிவு ஏறியதும் வாழ்த்து குவிந்தது. தெருவில் ஒருவரும் நகரவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டாள். "இன்னும் கிளம்பலையா?"

"எதுக்குடி? உங்க ஆபீசர் பொறந்தநாளுக்கா?"

"தீ வருதுக்கா!"

"நீ பல்லியப் பாத்தே ஊரைக் கூட்டுனவ. தீன்னா ஆபீஸ்ல சொல்ல மாட்டாங்களா?" அக்கா போனை வைத்துவிட்டாள்.

4

அதிகாரி உள்ளே வந்தார். "நாளைக்குத் தீ அடங்குனதும் போட ஒரு மறுப்பு தயாரா வை. ஜனங்க பீதி ஆகக் கூடாது பாரு."

'கீழ்த்தெருவுக்குத் தீ பரவுவதாக வரும் செய்தி வெறும் வதந்தி. நம்ப வேண்டாம்.'

அடித்தாள். அவர் அறைக்குத் திரும்புவதற்குள் அது பக்கத்தில் ஏறிவிட்டது.

கீழ்த்தெரு எழுந்தது. ஆடு, அடுப்பு, மாமியார், டிவி, இந்த வரிசையில் பாலத்தைத் தாண்டியது.* கடைசி ஆள் தாண்டியதும் முதல் கூரை பற்றிக்கொண்டது.

பாலத்திலிருந்து அக்கா போனில் கத்தினாள்: "அடிப்பாவி! இவ்வளவு பெரிய தீயை கூடப் பொறந்தவகிட்ட மறைச்சிட்டியே! உங்க ஆபீசே வதந்திங்குது, அப்புறம்தான் தீ நெசம்னு ஆட்டை அவுத்தேன்."

*மாமியாரை முன்னால் வைக்கச் சொல்லி என் வீட்டில் ஒருவர் கேட்டார். உள்ளது உள்ளபடிதான்.

5

முடிவுதான் நிற்கமாட்டேன் என்கிறது. கை தவறி ஏறியது என்று எழுதினால் அவள் வேலை தப்பும், அவளை முட்டாளாக்கிவிடுவேன். வேண்டுமென்றே ஏற்றினாள் என்றால் கெட்டிக்காரி, வேலை போய்விடும். அவளிடமே கேட்கலாம் என்றால், விசாரணைக்கான விளக்கத்தை இப்போதுதான் அடிக்க உட்கார்ந்திருக்கிறாள்:

'ஐயா, அந்த மறுப்பை நான்

மீதியை நீங்கள் அடியுங்கள். என்ன அடித்தாலும் மேலே படத்துக்கு இடம் விடுங்கள். கொஞ்சம் பெரிதாகவே.